ஆறுதலுக்கு ஒரு நாய்க்குட்டி: ஏஐ கருவியில் ரியாக்‌ஷன் மீம் செய்யப் பழகலாம்

இன்டர்வியூ சரியாகப் போகவில்லை. ஹாஸ்டலில் காய்ச்சலோடு தனியாகப் படுத்திருக்கிறேன். இன்றைக்கும் மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டிவிட்டார். இப்படி ஒரு மெசேஜ் வரும்போது பலருக்குப் பதில் எழுத வார்த்தை வராது. எதையாவது எழுதினால் அறிவுரை ஆகிவிடும், எழுதாமல் விட்டால் கண்டுகொள்ளாத மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில், போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டி "நான் இங்கதான் இருக்கேன்" என்று பார்க்கும் ஒரு பூனைக்குட்டிப் படம் பெரிய உதவி.

விலங்குப் படத்தோடு ஒரு வரி சேர்த்து அனுப்பும் பழக்கம் இணையத்துக்கு முந்தியது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஹாரி பாயின்டர் 1870களிலேயே பூனைகளை விதவிதமாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அடியில் ஒரு வரியோ வாழ்த்தோ சேர்த்துச் சின்ன அட்டைகளாக விற்றார். இன்றைக்கு அந்த வேலையை ஒரு செல்போனில் முடித்துவிடலாம்.

படம் வரையத் தெரியாத, எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் ஏஐ கருவியை இதுவரை தொட்டுப் பார்க்காத ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரே ஒரு ஸ்டிக்கரை முதலிலிருந்து கடைசிவரை செய்து முடிப்போம். இன்டர்வியூவில் தேர்வாகாத தோழிக்கு அனுப்ப ஒரு நாட்டு நாய்க்குட்டி. அதைச் செய்யப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் அதே வழிதான்.

கருவியைத் திறப்பதற்கு முன்னால்

முதல் வேலை காகிதத்தில். யாருக்கு அனுப்பப் போகிறீர்கள், அவருக்கு என்ன நடந்தது, இந்த நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கருவியைத் திறந்ததும் "அழகான நாய்க்குட்டி" என்று டைப் செய்வதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அழகான நாய்க்குட்டி வரவும் செய்யும். ஆனால் அது காலண்டர் படம் மாதிரி நிற்கும், எந்தப் பேச்சுக்கும் பதில் ஆகாது. ரியாக்‌ஷன் மீம் என்றால் எதிரே ஒருவர் ஏதோ சொல்லியிருக்கிறார், அதைக் கேட்ட ஒரு முகம் இது. கேட்டதற்கான அடையாளம் படத்தில் இருக்க வேண்டும்.

அதனால் அந்த மூன்றாவது வரிதான் முக்கியம். தோளில் சாய்த்துக்கொள்வீர்களா? டீ போட்டுக் கொடுப்பீர்களா? பேசாமல் கூடவே உட்கார்ந்திருப்பீர்களா? அவரோடு சேர்ந்து அந்தக் கம்பெனி மேல் கோபப்படுவீர்களா? நீங்கள் செய்யப்போவதையே உங்கள் விலங்கும் செய்யட்டும். சாய்வது, ஒரு கையை நீட்டுவது, போர்வையை இழுத்துவிடுவது, தட்டை முன்னால் தள்ளிவைப்பது என்று ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு செயல் இருந்தால் சின்னப் படத்தில் இரண்டுமே தெரியாமல் போகும்.

என் கணிப்பில், கெட்ட செய்தி வந்த அன்றைக்கு "கூட இருக்கிறேன்" வகைதான் பொருந்தும். சிரிக்கவைக்கும் வகை மறுநாளுக்கு. அழுதுகொண்டிருப்பவருக்கு ஆடும் பூனையை அனுப்பினால் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்றுதான் தோன்றும். நம் தோழிக்கு ஒரு நாய்க்குட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன்னங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கட்டும்.

முகமும் உடம்பும் பொய் சொல்லக் கூடாது

குட்டிகளைப் பார்த்ததும் நமக்கு ஏன் மனம் இளகுகிறது என்பதை ஆஸ்திரியாவைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். உடம்போடு ஒப்பிட்டால் பெரிய தலை, மேடான நெற்றி, முகத்தில் கொஞ்சம் கீழே இறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால்கள். மனிதக் குழந்தைக்கும் இவைதான், பூனைக்குட்டிக்கும் இவைதான். கருவியிடம் "க்யூட்டாக" என்று சொல்வதைவிட இந்த அளவுகளைச் சொன்னால் நல்ல பலன் கிடைக்கும். ஆனால் அளவு மீற வேண்டாம். கண்ணைப் பாதி முகத்துக்குப் பெரிதாக்கி அதில் நாலு வெளிச்சப் புள்ளி வைத்தால் உயிர் போய் பொம்மையாகிவிடும். அந்தக் கண்ணைப் பார்த்து யாருக்கும் ஆறுதல் வராது.

இன்னொரு விஷயத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. விலங்குகளுக்கென்று ஒரு உடல்மொழி இருக்கிறது. வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர் அதை ஒரே பார்வையில் படித்துவிடுவார்.

பூனையை எடுத்துக்கொள்வோம். பூனை நம்மைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடினால் நிம்மதியாக இருக்கிறது என்று பூனை வளர்ப்பவர்கள் காலகாலமாகச் சொல்வார்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் மெதுவாகக் கண்சிமிட்டிய பிறகு கையை நீட்டினால் பூனைகள் அவரிடம் நெருங்கி வருவது அதிகமாக இருந்தது. ஆக, ஆறுதல் சொல்லும் பூனைக்கு அகல விரிந்த கண் வேண்டியதில்லை. பாதி மூடிய, தளர்ந்த கண்தான் சரி. அகல விரிந்து கருவிழி பெரிதான கண் பயத்தையோ விளையாட்டு வேகத்தையோ காட்டும்.

நாய்க்குப் புருவத்தில் இருக்கிறது விஷயம். உள்பக்கப் புருவத்தை மேலே தூக்கும் தசை நாய்களிடம் நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களிடம் அப்படி இல்லை என்று 2019இல் ஒரு ஆய்வு வந்தது. "என்னாச்சு?" என்று கேட்பது போல நாய் பார்க்கும் பார்வை அந்தத் தசையால் வருவது. ப்ராம்ப்டில், அதாவது என்ன படம் வேண்டும் என்று கருவிக்கு எழுதிக் கொடுக்கும் வரிகளில், "உள்புருவம் லேசாக உயர்ந்து" என்று ஒரு சொல் சேர்த்தால் முகமே மாறிவிடும். காது பின்னால் ஒட்டியிருப்பது, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிவது, நாக்கால் மூக்கை நக்குவது எல்லாம் நாயின் பதற்றம். அவை படத்தில் வந்தால் எடுத்துவிடுங்கள். குரங்கு பல்லைக் காட்டுவதைச் சிரிப்பு என்று நினைத்து மீம் செய்பவர்கள் நிறைய. பல நேரம் அது பயம். குரங்கை ஆறுதலுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் வாய் மூடியே இருக்கட்டும்.

அப்புறம், நம் ஊர் விலங்குகள். கருவிகள் பார்த்துப் பழகிய படங்களில் பெரும்பகுதி வெளிநாட்டுப் படங்கள். நாய்க்குட்டி என்று மட்டும் கேட்டால் கோல்டன் ரெட்ரீவர் வரும். அணில் கேட்டால் புசுபுசு வால் வைத்த செந்நிற அணில் வரும். நமக்குத் தெரிந்த அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடு உண்டே, அதை எழுதித்தான் வாங்க வேண்டும். காக்கை கேட்டால் முழுக் கறுப்பாக வந்து நிற்கும். நம் வீட்டுக் காக்கைக்குக் கழுத்தும் நெஞ்சும் சாம்பல் நிறம். யானைக் குட்டிக்கு ஆப்பிரிக்க யானையின் அகன்ற காதை ஒட்டிவிடும். "ஆசிய யானை, சிறிய காது, நெற்றியில் இரண்டு மேடு" என்று சொல்லுங்கள். தெருவில் தினம் பார்க்கும் நாயின் முகத்தில் வரும் ஆறுதல் வேறு மாதிரி நெருக்கமானது. அதற்காக இரண்டு வரி கூடுதலாக எழுதுவதில் தப்பே இல்லை.

எந்தக் கருவி?

இதில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். சாட்ஜிபிடி, ஜெமினி, மைக்ரோசாஃப்டின் பிங் இமேஜ் கிரியேட்டர், அடோபி ஃபயர்ஃப்ளை, கேன்வா என்று எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். எல்லாவற்றிலும் இலவசமாகக் கொஞ்சம் செய்து பார்க்க முடியும், அந்த அளவு அடிக்கடி மாறும். புதியவருக்கு நான் சொல்வது சாட்ஜிபிடி அல்லது ஜெமினி. காரணம், இரண்டிலும் பேசிப் பேசித் திருத்தலாம். "வால் இன்னும் கொஞ்சம் சுருளட்டும்" என்று அடுத்த மெசேஜில் சொன்னால் போதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. தமிழில் எழுதினாலும் புரிந்துகொள்ளும்.

ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். இந்தக் கருவிகள் பலவும் படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்துத் தருவதில்லை. புள்ளிப் புள்ளியான வெறும் இரைச்சலில் தொடங்கி, நீங்கள் எழுதியதற்குப் பொருந்தும்படி அதைப் படிப்படியாகத் துலக்கி உருவம் கொண்டுவருகின்றன. அந்தத் தொடக்கம் ஒவ்வொரு தடவையும் வேறு. அதனால்தான் அதே ப்ராம்ப்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு நாய்க்குட்டி வருகிறது. முதல் படம் பிடிக்காவிட்டால் ஒரு சொல்லும் மாற்றாமல் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பதும் ஒரு வழிதான்.

ப்ராம்ப்ட் எழுதுவது

இந்த வரிசையில் எழுதிப் பழகுங்கள்: யார், உடல் அடையாளம், என்ன செய்கிறது, முகம், படத்தின் பாணி, பின்னணி, அளவு. நம் நாய்க்குட்டிக்கு இப்படி எழுதலாம்:

"ஒரே ஒரு இந்திய நாட்டு நாய்க்குட்டி, இரண்டு மாத வயது. செம்பழுப்பு நிறக் குட்டை முடி, நெஞ்சில் வெள்ளைத் திட்டு, இடது காது மட்டும் மடிந்திருக்கிறது, வால் சுருண்டிருக்கிறது. தரையில் உட்கார்ந்து, உடலைச் சற்று ஒரு பக்கம் சாய்த்து, ஒரு முன்னங்காலை நம்மை நோக்கி நீட்டுகிறது. நேராக நம்மைப் பார்க்கிறது. உள்புருவம் லேசாக உயர்ந்து, வாய் மூடி, காதுகள் தளர்ந்திருக்கின்றன. கண்கள் தெளிவாக, அமைதியாக இருக்கின்றன. கையால் வரைந்த ஸ்டிக்கர் பாணி, கெட்டியான வெளிக்கோடு, மென்மையான நிறங்கள், இயல்பான பகல் வெளிச்சம். முழு உடலும் படத்துக்குள் அடங்க வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் இடம் வேண்டும். பின்னணி முழுவதும் தட்டையான ஒரே பச்சை நிறம். படத்தில் நாய்க்குட்டியும் அந்தப் பச்சை நிறமும் மட்டும். சதுரப் படம்."

சில சொற்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். "ஒரே ஒரு" என்று எழுதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு குட்டி வந்து உட்காரலாம். "இயல்பான பகல் வெளிச்சம்" என்பது சில கருவிகள் எல்லாப் படத்துக்கும் பூசிவிடும் மஞ்சள் சாயத்தைத் தவிர்க்க. பச்சைப் பின்னணி, பிறகு வெட்டியெடுக்கும்போது ஓரம் சுத்தமாக வருவதற்கு. உங்கள் விலங்கு கிளியாக இருந்தால் பச்சை வேண்டாம், அதன் உடம்பில் இல்லாத நிறம் எதுவோ அதைக் கொடுங்கள்.

"வேண்டாம்", "இல்லாமல்" போன்ற சொற்களை முடிந்தவரை குறையுங்கள். "கண்ணீர் வேண்டாம்" என்று எழுதினால் கண்ணீர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கண்ணீரையே வரைந்துவிடும் கருவிகள் உண்டு. வேண்டியதைச் சொன்னால் வேண்டாதது தானாக விலகும். மேலே "கண்கள் தெளிவாக, அமைதியாக" என்று எழுதியது அதற்காகத்தான்.

பாணிக்கு உயிரோடிருக்கும் ஓவியர் பெயரையோ ஸ்டுடியோ பெயரையோ எழுதாதீர்கள். ஒருவர் வாழ்நாள் முழுக்க உழைத்து உருவாக்கிய கைவண்ணம் அது. வாட்டர்கலர், கிரேயான், பென்சில், தட்டையான நிறம் என்று பொருளின் பெயரைச் சொன்னாலே போதும். டிவி கார்ட்டூன்களில் வரும் பிரபல விலங்குப் பாத்திரங்களும் அப்படித்தான், தொட வேண்டாம். ஸ்டிக்கருக்குக் கெட்டி வெளிக்கோடும் குறைந்த நிறங்களும் ஏற்றவை. சதுர மீமாக ஸ்டேட்டஸில் வைப்பதாக இருந்தால் வாட்டர்கலர் இதமாக இருக்கும்.

வந்த படத்தைப் பார்க்கும் முறை

முதலில் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சாட்டில் அது அப்படிச் சின்னதாகத்தான் தெரியப்போகிறது. அந்த அளவில் முகமும் நீட்டிய காலும் தெரிகிறதா? தெரியாவிட்டால் முகத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். கால்களை எண்ணுங்கள். உட்கார்ந்திருக்கும் விலங்கில் ஐந்தாவது காலோ இரண்டாவது வாலோ ஒளிந்துகொண்டிருக்கும். இரண்டு கண்ணும் ஒரே திசையில் பார்க்கின்றனவா, மீசை முடி கன்னத்திலிருந்துதான் கிளம்புகிறதா, போர்வையும் உடம்பும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதா என்று ஒரு பார்வை. கடைசியாக, கண்ணை மூடித் திறந்து, அந்த முகத்தைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். பரிதாபமாகத் தோன்றினால் அது ஆறுதல் படம் ஆகாது. அழுது வீங்கிய பூனையைப் பார்த்தால் நாம் அதைத் தேற்ற வேண்டியிருக்கும். சோர்ந்திருப்பவர் மேல் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது.

திருத்தம் சொல்லும்போது ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். "மற்றதெல்லாம் இப்படியே இருக்கட்டும். பின்னங்கால்கள் இரண்டு மட்டும் இருக்கும்படி திருத்து" என்று எழுதுங்கள். ஒரே மெசேஜில் ஐந்து திருத்தம் சொன்னால் இரண்டைச் செய்து, கேட்காத மூன்றை மாற்றிவிடும். திருத்தத்தின் மேல் திருத்தமாகப் போய்க்கொண்டே இருந்தால் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறாகும், நிறமும் மங்கும். அப்படி ஆகிறது என்று பட்டால் பிடித்த பழைய படத்துக்குத் திரும்பிப் போய், அதைப் பதிவேற்றி, புதிய உரையாடலில் தொடங்குங்கள்.

தமிழ் வரியை நீங்களே எழுதுங்கள்

கருவியே எழுத்தையும் எழுதித் தரட்டும் என்ற ஆசை வரும். ஆங்கிலத்தில் இப்போது ஓரளவு சரியாக எழுதிவிடுகின்றன. தமிழில் இன்னும் நம்ப முடியாது. "கொ" என்ற ஒரு எழுத்துக்கே முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். ஏஐ அதை எழுத்தாகப் பார்க்காமல் வடிவமாக வரையப் பார்க்கும்போது கொம்பு இடம் மாறும், புள்ளி காணாமல் போகும், பார்த்தால் தமிழ் போலவும் படித்தால் ஒன்றுமில்லாமலும் இருக்கும். படத்தை எழுத்தில்லாமல் வாங்கி, வரியைக் கேன்வாவிலோ போனிலுள்ள எடிட்டரிலோ நீங்களே சேருங்கள்.

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களில் பாலூ தம்பி உருண்டையாக, தடிமனாக இருக்கும். சின்ன ஸ்டிக்கரிலும் படிக்கலாம், ஆறுதல் தொனிக்கும் பொருந்தும். கவிவனார் கையெழுத்துச் சாயல் உள்ளது, வாட்டர்கலர் படத்துக்கு நன்றாக இருக்கும். கட்டமரன், முக்தா மலர் இரண்டும் தெளிவானவை. எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் போட்டுவிடுங்கள், எந்தப் பின்னணியிலும் தெரியும். வரி நாலு சொல்லுக்கு மேல் போனால் இரண்டாக மடியுங்கள். முகத்தின் மேல் எழுத்து ஏறக் கூடாது.

என்ன எழுதுவது என்பதுதான் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி. தமிழில் ஆறுதல் பெரும்பாலும் ஆறுதல் சொல்லாகவே வராது. "சாப்டியா?" என்றுதான் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், உன் உடம்பைப் பார்த்துக்கொள், பேச வேண்டுமென்றால் பேசு எல்லாம் அடங்கிவிடுகிறது. காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நாய்க்குட்டிக்குக் கீழே "சாப்டியா?" என்று போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியிருக்காது.

வேறு சில வரிகள்: "நான் உன் பக்கம்தான்." "இன்னிக்கு இது போதும், தூங்கு." "பேசணும்னா பேசு, இல்லன்னா சும்மா இருப்போம்." "அவங்களுக்குத்தான் நஷ்டம்." கடைசி வரி நம் இன்டர்வியூ தோழிக்கு மறுநாள் அனுப்ப ஏற்றது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. "எல்லாம் நன்மைக்கே", "இதுக்கெல்லாம் போய் அழுவாங்களா", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" என்ற மூன்றையும் எந்த விலங்கின் வாயிலும் வைக்க வேண்டாம். எவ்வளவு அழகான முயல் சொன்னாலும் அவை வலியைச் சின்னதாக்கும் வரிகள்தான்.

எழுதும்போது அந்த ஆள் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து அத்தைக்கு "சாப்டாச்சுங்களா?", யாழ்ப்பாணத்துத் தோழிக்கு "சாப்பிட்டியோ?" எல்லாருக்கும் ஒரே ஸ்டிக்கர் அனுப்பும் கம்பெனிகளால் செய்ய முடியாத வேலை இது. நீங்கள் மெனக்கெட்டு ஏன் சொந்தமாகச் செய்கிறீர்கள் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வெட்டி ஸ்டிக்கர் ஆக்குவது

சில கருவிகளிடம் "பின்னணி ஒளிபுகும்படி இருக்கட்டும், பிஎன்ஜி கோப்பாகக் கொடு" என்று கேட்டால் நேரடியாகவே தரும். ஆனால் ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வெள்ளையும் சாம்பலுமாகச் சதுரக் கட்டங்கள் தெரிந்தால் பின்னணி போய்விட்டது என்று நினைப்போம். பல நேரம் அந்தக் கட்டங்களையே கருவி படமாக வரைந்து கொடுத்திருக்கும். சாட்டில் அனுப்பிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பச்சைப் பின்னணியில் வாங்கி நாமே வெட்டுவது இதனால்தான் பாதுகாப்பு.

வெட்டுவதற்கு ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் எளிய வழி இருக்கிறது. கேலரியில் படத்தைத் திறந்து நாய்க்குட்டியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது மட்டும் தனியாகக் கழன்று வரும். ஆண்ட்ராய்டில் ரிமூவ் பிஜி போன்ற தளங்கள் உண்டு. வாட்ஸ்அப்பிலேயே ஸ்டிக்கர் பகுதிக்குப் போய் புதிதாக உருவாக்கும் பட்டனைத் தட்டிப் படத்தைத் தேர்ந்தெடுத்தாலும் உருவத்தை அதுவே வெட்டித் தரும். எழுத்தையும் சேர்த்து ஒரே ஸ்டிக்கராக்க வேண்டுமென்றால் முதலில் நாய்க்குட்டியை வெட்டுங்கள், பிறகு வரியைச் சேருங்கள். வரிசை மாறினால் வெட்டும்போது எழுத்தும் பின்னணியோடு போய்விடும்.

அளவு விவரம்: வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512க்கு 512 பிக்சல் சதுரம், வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவம், அசையாத ஸ்டிக்கராக இருந்தால் 100 கேபிக்குள். வாட்ஸ்அப் உள்ளேயே செய்தால் இதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், வெளி ஆப் வழியாகப் பேக் (ஸ்டிக்கர் தொகுப்பு) செய்பவர்தான் கவனிக்க வேண்டும். பேக்கில் குறைந்தது 3, அதிகபட்சம் 30 ஸ்டிக்கர். டெலிகிராமில் ஒரு பக்கம் சரியாக 512 பிக்சல் இருக்க வேண்டும், அங்கே ஸ்டிக்கர்ஸ் (@Stickers) என்ற தானியங்கிக் கணக்குக்கு அனுப்பினால் பேக் ஆகிவிடும்.

உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம் விடுங்கள். இதை அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. கறுப்புப் பூனையை டார்க் மோட் வைத்திருப்பவருக்கு அனுப்பினால் இரண்டு கண் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அதே குட்டி, வேறு முகங்கள்

ஒரு ஸ்டிக்கர் சரியாக வந்ததும் அதே நாய்க்குட்டியை வேறு நேரங்களுக்கும் கொண்டுவர ஆசை வரும். அதற்கு முதல் படத்தைப் பதிவேற்றி, "இதே நாய்க்குட்டி, இதே பாணி, இதே நிறங்கள்" என்று தொடங்கிச் செயலை மட்டும் மாற்றுங்கள். உடல் அடையாளம் எழுதிய இரண்டு வரியைத் தனியாகச் சேமித்து, ஒவ்வொரு ப்ராம்ப்டிலும் சொல் மாறாமல் ஒட்டுங்கள். மடிந்த இடது காதும் நெஞ்சின் வெள்ளைத் திட்டும் அங்கேதான் உதவுகின்றன. அப்படி ஒன்றிரண்டு அடையாளம் இருந்தால் முகம் கொஞ்சம் மாறினாலும் இது அதே குட்டிதான் என்று பார்ப்பவர் நம்புவார். பெயரும் வைத்துவிடுங்கள். குரூப்பில் "மணியை அனுப்பு" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

முதல் பேக்கிற்கு எட்டு போதும்: சாய்ந்து உட்கார்ந்திருப்பது, போர்வைக்குள், கஞ்சிக் கிண்ணத்தோடு, சேர்ந்து கோபப்படுவது, பேசாமல் பக்கத்தில் படுத்திருப்பது, தூங்கச் சொல்வது, நல்ல செய்திக்குத் துள்ளுவது, கடைசியாக ஒரு நன்றி. நல்ல செய்திக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அழுகைக்கு மட்டும் வரும் நண்பன் என்று மணிக்குப் பெயர் வந்துவிடக் கூடாது.

வீட்டுப் பூனையின் போட்டோவை வைத்தும் இதே மாதிரி செய்யலாம். பதிவேற்றும் முன் பின்னணியில் குழந்தைகள் முகம், வீட்டு எண், ஸ்கூல் பேட்ஜ் ஏதாவது இருந்தால் வெட்டிவிடுங்கள். அடுத்தவர் வளர்க்கும் நாயின் படம் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கவனம் வேண்டிய இடங்கள்

காட்டு விலங்கை மனிதர் மடியிலோ வீட்டுச் சோபாவிலோ வைத்து வரையாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 2009இல், கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கும் ஒரு தேவாங்கு வகையின் வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அது ரசித்துக் கையைத் தூக்கவில்லை. கையின் உட்புறத்தில் உள்ள நச்சுச் சுரப்பியை வாய்க்கு அருகில் கொண்டுவந்து தற்காத்துக்கொள்ளும் நிலை அது. அந்த வீடியோவுக்கு வந்த கருத்துகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரையில், எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது பதிவாகியிருக்கிறது. 2011இல் வந்த இன்னொரு ஆய்வு, சிம்பன்சியை மனிதரோடு சேர்த்துப் படத்தில் பார்ப்பவர்கள் அதை வளர்க்கத் தக்க விலங்காக நினைப்பது அதிகம் என்றது. தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குகளுக்காகவே கடவூரில் 2022இல் ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். தேவாங்கு ஸ்டிக்கர் செய்ய ஆசையாக இருந்தால் மரக்கிளையில், இரவில், அதன் இடத்திலேயே இருக்கட்டும். கிளியும் அப்படித்தான். இந்தியாவில் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், நம் ஸ்டிக்கரிலும் அதற்குக் கூண்டு வேண்டாம்.

அடிபட்ட விலங்கு, வெள்ளத்தில் தவிக்கும் குட்டி, யாரோ காப்பாற்றுவது போன்ற காட்சிகளை நிஜப் போட்டோ போலச் செய்யாதீர்கள். அதை உண்மை என்று நம்பி மனம் உடைபவர்கள் இருக்கிறார்கள், பணம் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். வரைந்த பாணியில் இருக்கும் ஸ்டிக்கரில் இந்தக் குழப்பம் இல்லை, நான் அதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். போட்டோ போலச் செய்தால் ஏஐ படம் என்று ஒரு ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஜெமினி போன்றவை கண்ணுக்குத் தெரியாத சின்த்ஐடி அடையாளத்தைப் படத்துக்குள் பதித்துத்தான் தருகின்றன, ஆனால் ஃபார்வர்டில் பார்க்கும் பெரியம்மாவுக்கு அது தெரியாது.

இறப்புச் செய்திக்கு ஸ்டிக்கர் வேண்டாம். போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். சில வாரம் கழித்து, வீடு அமைதியான பிறகு, "சாப்டியா?" என்று கேட்கும் அந்த நாய்க்குட்டியை அனுப்பலாம்.

செய்து முடித்த ஸ்டிக்கரை முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே மெசேஜ் அனுப்ப முடியும். ஒருமுறை வெளிர் திரையில், ஒருமுறை டார்க் மோடில் பார்த்து, ஓரமும் எழுத்தும் சரியாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். எழுத்து சேர்க்காத மூலப் படத்தை ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள், அடுத்த வரி தோன்றும்போது வெட்டிய ஸ்டிக்கரிலிருந்து திரும்ப எடுத்தால் தெளிவு போய்விடும். அப்புறம் குரூப்பில் போடுவதற்கு முன்னால், யாரை நினைத்துச் செய்தீர்களோ அவருக்கு முதலில் அனுப்பிவிடுங்கள்.